நீல ஸ்டூல்

அத்தியாயம் பதினேழு

போன வாரம் அபிநயாவைக் கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்த நிலையில் விட்டுவிட்டு வந்துவிட்டோம். ஒரு வாரமாகவா அந்தப் பெண்ணை அங்கேயே கிடத்தி வைத்திருந்தாய் என்று என்னைத் திட்டாதீர்கள். கதையில் ஒரு ராத்திரிதான் கழிந்திருக்கிறது.

இப்போது அவள் கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்து ஸ்டூலில், ராத்திரி முழுக்கக் கண் மூடாத அவள் அம்மா மணிமொழி. அப்பா இளஞ்செழியன் வரவில்லை. ஆலையிலிருந்து கரும்புக்கு வெட்டு உத்தரவு வந்துவிட்டது. விடிவதற்குள் ஆட்கள் கழனியில் இறங்கிவிட்டார்கள். கரும்பை விட்டுவிட்டு எப்படி வருவான்?

ஆனால் அவனுடைய குரல் வந்துவிட்டது. போனில், வார்டு முழுக்கக் கேட்கும்படி.

“அபிக்கு வெதுவெதுன்னு தண்ணி குடு மணி. மடக்கு மடக்குன்னு குடிக்கக் கூடாது, வாய்ல வெச்சி மெதுவா முழுங்கச் சொல்லு. மத்தியானம் மோர்ல பெருங்காயம் போட்டுக் குடு. கீரை கம்மியா துன்றா அவ, அதான் எல்லாத்துக்கும் காரணம். வயிறு நல்லா இருந்தா வாழ்க்கை நல்லா இருக்கும்னு நான் தலபாடா அடிச்சிக்கிறேன், எவ கேக்கறா?”

இளஞ்செழியன் யார் என்று இந்த ஒரு பேச்சிலேயே உங்களுக்கு விளங்கியிருக்கும். போன வருஷம் மூல நோயில் அவதிப்பட்டவனை டாக்டர் நன்றாக மிரட்டி அனுப்பினார். அன்றிலிருந்து ஆள் மாறிவிட்டான். காலையில் வெந்நீர், அப்புறம் ஊறவைத்த வெந்தயம், அப்புறம் தயிர் விட்ட பழைய சோறும் சின்ன வெங்காயமும், வாரத்தில் பாதி நாள் கீரை, பொழுது சாய்வதற்குள் ராத்திரிச் சாப்பாடு, அதற்குப் பிறகு வாய்க்கால் கரையில் ஒரு நடை. கற்றதைத் தன்னோடு வைத்துக்கொள்கிற ஆளும் இல்லை. ஊர் வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஒரு குரல் பதிவு. ஊரில் அவனுக்கு ‘வயிறு வாத்தியாரு’ என்றே பெயர்.

வெந்தயத்தை ஊற வைப்பது யார், கீரையை ஆய்வது யார், வெந்நீர் வைப்பது யார் என்று வாத்தியார் எந்தப் பாடத்திலும் சொன்னதில்லை.

மணிமொழி போனை அணைப்பதற்குள் டாக்டர் ஷாலினி உள்ளே வந்துவிட்டார். சின்ன வயசு. பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது.

“யாரும்மா அது? நல்லா விவரமா பேசறாரே?”

“எங்க வூட்டுக்காரரு மேடம்.”

“அவ்ளோ விவரம் தெரிஞ்ச வீட்டுல இந்தப் பொண்ணுக்கு ஏன் இந்தக் கதி?” டாக்டர் அபிநயாவின் வயிற்றை மெதுவாக அழுத்திப் பார்த்தார். “ராத்திரி எனிமா வெச்சோம், பாதிதான் வந்திருக்கு. மீதி கல்லாட்டம் இருக்குது. நீ எவ்ளோ தண்ணி குடிப்ப?”

“காலேஜ் போற அன்னிக்கு குடிக்க மாட்டேன் மேடம்.”

“போகாத அன்னிக்கு?”

“ராத்திரி சோறு துன்றப்ப ஒரு டம்ளர்.”

“வெளிக்கி எப்ப போவ?”

அபிநயா படுக்கை விரிப்பைப் பிடித்து மடித்தாள். “கரும்புக்குள்ளதான் மேடம். விடியறதுக்கு முன்ன, இல்லன்னா இருட்டுனப்புறம். நடுவுல வந்தா அடக்கிக்குவேன்.”

“வீட்டுல கக்கூஸ் இல்லியா?”

“இருக்குது. பூட்டியிருக்குது.”

டாக்டர் நிமிர்ந்தார். “பூட்டி வெச்சா கட்டுனாங்க? சரி, தண்ணி குடிக்காம இருக்கணும்னு உனக்கு யார் சொல்லிக் குடுத்தது?”

“யாரும் சொல்லல. அம்மா குடிக்க மாட்டாங்க. கீரையும் துன்ன மாட்டாங்க, துன்னா பகல்ல வந்துடும்னு. அப்பாவுக்கு மட்டும் செய்வாங்க. நானும் அப்பிடியே இருந்துட்டேன்.”

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. கூந்தலை இப்படித்தான் பின்னுவோம் என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள். அதனால்தான் மணிமொழிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கூச்சம் வரவில்லை. கோபம் வந்தது. யார் மேல் என்று அந்த நேரத்தில் அவளுக்கே தெரியவில்லை.

“இங்க பாரு,” என்றார் டாக்டர். “ஒரு மருந்து குடுத்திருக்கேன், வீட்டுக்குப் போலாம். அந்தக் கக்கூஸத் தொறக்கச் சொல்லு. இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள வரும். வந்தா அந்த நிமிஷமே போயிடணும். பொறுத்துக்கலாம், இருட்டட்டும்னு அடக்குன, மறுபடி இறுகிடும். அப்பறம் இந்த மருந்துல முடியாது, வேற மாதிரி போயிடும். புரிஞ்சுதா? உட்காரும்போது காலுக்கு ஒரு குட்டி ஸ்டூல் போட்டு கொஞ்சம் உயரமா வெச்சிக்கோ, சுலபமா இருக்கும்.”

“எங்க வூட்டுல ஒன்னு இருந்துது மேடம், நீலக் கலருல. காணாம பூடுச்சி.”

அந்த ஸ்டூல் கதையை முன்பே சொல்லியிருக்கிறேன். தெரியாதவர்களுக்காக இன்னொரு தரம். அபிநயா உட்கார்ந்து படிக்கிற பிளாஸ்டிக் ஸ்டூல். ஆடி மாதத்தில் ஒரு நாள் மாயமாகிவிட்டது. மாட்டுக் கொட்டகை வேலைக்கு வந்துகொண்டிருந்த சின்னப்பொண்ணு மேல் மணிமொழி சந்தேகப்பட்டு நாலு வார்த்தை பேசிவிட்டாள். கல்வராயன் மலையில் பிறந்து, கீழே வாழ்க்கைப்பட்டு வந்த பெண் அவள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனவள், திரும்பி வரவே இல்லை.

வார்டுக்கு வெளியே வரும்போது டாக்டர் மணிமொழியைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பொண்ணு சொன்னதெல்லாம் கேட்டேன். உங்களுக்கு எப்பிடிம்மா இருக்கு?”

“எனக்கு இன்னா மேடம், நல்லாத்தான் இருக்கறேன்.”

“ரவிக்கை தொளதொளன்னு தொங்குது. நல்லா இருக்கீங்களா?”

யாரிடமும் சொல்லாததை அந்த நடைபாதையில், கழுவிவிட்ட தரையைப் பார்த்துக்கொண்டு, மணிமொழி சொன்னாள். டாக்டர் கேட்டுக்கொண்டு, என்ன செய்ய வேண்டும் என்று விளக்கினார். கடைசியில் அவர் சொன்னது நாலே வார்த்தை. நாளைக்கு வாங்க. தனியா வராதீங்க.

*

ஊர் வந்து சேரும்போது வெயில் ஏறிவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கிய உடனேயே கரும்பு வெட்டிய வாசனை மூக்கில் ஏறியது. ஊரே சந்தோஷப்படுகிற வாசனை அது. மணிமொழி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

ஏன் என்று அந்த ஊர்ப் பெண்களைக் கேளுங்கள். கரும்பு நின்றால்தான் மறைப்பு. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்டால், விடியலிலும் இருட்டிலும் பயமில்லாமல் உள்ளே நுழையலாம். வெட்டிவிட்டால் அடுத்த கரும்பு வளர்கிறவரை பொட்டல்தான். எத்தனை டன் தேறும் என்று ஆண்கள் பேசுகிற அதே நேரத்தில், நாளைக்கு எங்கே போவது என்று பெண்கள் யோசிக்கிறார்கள். இதை யாரும் வாயால் சொல்வதில்லை. குடிக்கிற தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

அவர்கள் வீட்டில் கக்கூஸ் இல்லாமல் இல்லை. மணிமொழியின் நாத்தனாரைப் பெண் பார்க்க வந்த சம்பந்திக்கு முழங்கால் வலி. ‘வெஸ்டர்ன் இருக்குதுங்களா?’ என்று அவர் கேட்ட ஒரு கேள்விக்காக, மாமனார் அய்யனார் ஓடு பதித்து, பளபளவென்று ஒன்றைக் கட்டினார். வாஸ்துக்காரர் வீட்டுக்குப் பக்கத்தில் கூடாது என்றதால், கழனியின் கோடியில், மோட்டார் கொட்டகையை ஒட்டிக் கட்டினார்கள். கல்யாணம் முடிந்தது. சம்பந்தி போனார். அய்யனார் பூட்டுப் போட்டார். அதன் பிறகு நட்ட கரும்பு வளர்ந்து கக்கூஸே கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

பூட்டியதற்கு அவர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: தொட்டி ரொம்பிடும். ரொம்பினால் லாரி வந்து உறிஞ்ச வேண்டும். லாரி தொட்டிவரை வர ஒரே வழி பங்காளி சின்னதுரையின் களம். அந்தச் சின்னதுரையோடு, வரப்பில் நின்ற ஒரு நாவல் மரத்துக்காகச் சண்டை போட்டு, இவர் பேச்சை நிறுத்திப் பல வருஷமாகிறது. அவனிடம் போய் வழி கேட்பதா? அதற்குப் பெண்டுகள் இருட்டும்வரை பொறுத்துக்கொண்டால் போகிறது! ஒரு கிழவரின் ரோஷத்தை இரண்டு பெண்கள் வயிற்றில் சுமந்துகொண்டிருந்தார்கள்.

வீட்டுக்குள் கால் வைக்கும்போதே அபிநயாவுக்கு முகம் மாறியது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா. வரும்போல இருக்குது.”

மணிமொழி பையைக் கீழே போட்டாள். பின்பக்கம் ஓடினாள். அய்யனார் கொல்லை வாசலில் கைத்தடியை ஊன்றி நின்று, கட்டுக் கட்டாகப் போகும் கரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆணும் பெண்ணுமாக வெட்டு ஆட்கள் கழனி முழுக்கப் பரவியிருந்தார்கள்.

“மாமா, கக்கூஸ் சாவி குடுங்க. அபிக்கு அவசரம்.”

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இன்னா பொண்ணே, வந்ததும் வராததுமா? புள்ளைக்கு எப்பிடி இருக்குது?”

“அதான் சொல்றேன். மருந்து குடுத்திருக்காங்க. உடனே போவணும்.”

“கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு. ஆளுங்க பொழுதோட போயிடுவாங்க. இருட்டுனதும் வாய்க்காப் பக்கம் இட்டுக்கினு போ.”

“பொறுத்துக்கிட்டதாலதான் ஆஸ்பத்திரில கெடந்தா. அடக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாங்க. சாவி குடுங்க மாமா.”

“சாவி எங்க வெச்சன்னு தெரியல. அது விருந்தாளிக்குக் கட்டுனது. நாம போயிப் போயி அது ரொம்பிச்சின்னா எவன் களத்துல போயி நிக்கறது? உங்க மாமியா எந்தக் கக்கூஸப் பாத்தா? அவ இருக்கலியா?”

“அவங்க எதுல செத்தாங்க மாமா?”

அய்யனாருக்கு முதலில் கேள்வி விளங்கவில்லை. விளங்கியபோது கைத்தடி தரையில் ஒரு தட்டுத் தட்டியது. “இன்னா பேசற நீ?”

“வயிறு வீங்கித்தானே செத்தாங்க? எங்க போனாங்க, எப்ப போனாங்கன்னு நீங்க ஒரு நாளு கேட்டீங்களா?”

இந்த வீட்டில் இதுவரை யாரும் எடுக்காத பேச்சு. எடுத்துவிட்டோமே என்று மணிமொழி பயப்படவில்லை. முன்பே எடுத்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. பின்னால் அபிநயா சுவரைப் பிடித்தபடி வந்து நின்றாள். நெற்றியெல்லாம் வேர்வை.

அப்போதுதான் மணிமொழி நிமிர்ந்து கழனியைப் பார்த்தாள்.

நேற்றுவரை சுவர் மாதிரி நின்ற கரும்பு நடுவில் கோடிவரை சாய்ந்துவிட்டது. அந்த இடைவெளியில் தூரத்து மலை தெரிந்தது. மலைக்குக் கீழே மோட்டார் கொட்டகை தெரிந்தது. கொட்டகையை ஒட்டி, இளநீலச் சுண்ணாம்பு அடித்த அந்தச் சின்னக் கட்டடமும் தெரிந்தது. ஒரு வருஷமாகக் கரும்பு மறைத்து வைத்திருந்தது எல்லாம் வெட்டவெளிச்சமாக நின்றது.

கக்கூஸ் கதவு திறந்தது. தோளில் துண்டோடு, இடுப்பு லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வயிறு வாத்தியார் வெளியே வந்தார். கதவைச் சாத்தினார். பூட்டினார். இழுத்தும் பார்த்துக்கொண்டார்.

*

வெட்டிய கரும்புக் கட்டை காலைக் கிழிக்கும். மணிமொழி செருப்பில்லாமல் நடந்தாள். ஒரு கையில் அபிநயாவைப் பிடித்திருந்தாள். வெட்டுகிறவர்கள் கத்தியை நிறுத்தி வழிவிட்டார்கள். அய்யனார் பின்னாலேயே, ‘ஏ நில்லு, ஏ நில்லு’ என்று கத்திக்கொண்டு வந்தார்.

இளஞ்செழியன் அவர்களைப் பார்த்ததும் செய்த முதல் காரியம், சாவியை லுங்கி மடிப்பில் செருகியது.

“வந்துட்டீங்களா? அபி, தண்ணி குடிச்சியா? வெதுவெதுன்னு...”

“சாவிய குடுங்க.”

“எந்தச் சாவி?”

“யோவ்!” என்றாள் மணிமொழி. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் வாயில் வராத சொல் அது. பக்கத்தில் கட்டு கட்டிக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள். “புள்ள நிக்க முடியாம நிக்கிறா. குடுக்கறியா, கத்திய வாங்கி ஒடைக்கட்டுமா?”

அவன் கொடுத்துவிட்டான். அவள் திறந்தாள்.

தரை ஈரமாக இருந்தது. சோப்பு இருந்தது. ஆணியில் அய்யனாரின் பச்சைக் கரைத் துண்டு தொங்கியது. வாளி நிறையத் தண்ணீர். வெஸ்டர்னுக்கு முன்னால், சரியாகக் கால் வைக்கிற இடத்தில், ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூல். அபிநயா தன் பெயரைப் பேனாவால் கிறுக்கிய இடம் தேய்ந்து பாதி அழிந்திருந்தது.

மணிமொழி அதைப் பார்த்துக்கொண்டு நின்றது ஒரு விநாடி. அதற்கு மேல் நிற்க நேரமில்லை.

“உள்ள போ அபி. அந்த ஸ்டூல் மேல கால வெச்சிக்கோ. அவசரப்படாத. எவன் வந்தாலும் நான் நிக்கறேன்.”

அபிநயா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கதவின் மேல் முதுகைச் சாய்த்து மணிமொழி நின்றாள்.

“காலைல மோட்டார் போடப் போறேன்னு சொல்லுவியே, இதுக்குத்தானா?”

“டாக்டரு சொன்னாரு இல்ல மணி. எனக்கு மூலம். குந்த முடியல. உட்காந்து நிதானமா போவணும்னாரு. அப்பாதான் சாவி குடுத்தாரு. ஒரு ஆளு போறதுல தொட்டி ரொம்பிடாதுன்னு...”

“ஒரு ஆளா? அந்தத் துண்டு யாருது?”

மூச்சிரைக்க வந்து சேர்ந்த அய்யனார் மலைப் பக்கம் பார்த்தார்.

“ரெண்டு ஆம்பளைங்க போனா ரொம்பாத தொட்டி, நாங்க ரெண்டு பொம்பளைங்க போனா ரொம்பிடுமா? எங்களுக்கு மட்டும் வயிறு இன்னா அண்டாவா?”

யாரோ ஒருத்தர் சிரித்துவிட்டு, உடனே நிறுத்திக்கொண்டார். மணிமொழி சிரிக்கவில்லை.

“கீரை கம்மியா துன்றான்னு போன்ல சொல்றியே, அவ ஏன் துன்ன மாட்டேன்றான்னு ஒரு நாளு கேட்டியா? தண்ணி குடி, அடக்காதேன்னு ஊரு முழுக்க சொல்லிக்கினு இருக்கறியே, உன் வூட்டுல ரெண்டு பேரு பகலெல்லாம் நாக்கு ஒட்டிக்கினு கெடக்கறது உன் கண்ணுல படலியா? சாவி உன் லுங்கியில இருந்துது! ஒரு வார்த்த, மணி, நீயும் போன்னு ஒரு வார்த்த சொல்ல உனக்கு வாய் வரலியா?”

“அப்பா யாருக்கும் சொல்லக் கூடாதுன்னாரு.”

நாற்பது வயசைத் தாண்டிய மனிதன், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி சொன்னான். அதைக் கேட்டபோதுதான் மணிமொழிக்கு அவன் மேல் இருந்த கோபம் வேறு மாதிரி ஆயிற்று. அவன் கெட்டவன் இல்லை. அவன் நினைத்தே பார்க்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

தலைச்சுமையை இறக்கிவிட்டு ஒருத்தி முன்னால் வந்தாள். முகத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். சின்னப்பொண்ணு. வெட்டுக் கூட்டத்தோடு காலையிலிருந்து இதே கழனியில்தான் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள்.

“கதவு தொறந்தப்ப பாத்தேன். அந்த ஸ்டூலுதானே அது?”

“அதான்,” என்றாள் மணிமொழி. மேலே என்ன சொல்வது என்று தேடினாள். “நான் உன்ன பேசுனது தப்பு சின்னப்பொண்ணு.”

“கெடச்சிச்சி இல்ல? பத்தரமா வெச்சிக்கங்க.” அவள் குரலில் மன்னிப்பு ஒன்றும் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. “எங்க பொம்பளைங்க ரெண்டு பேரு காலைலேருந்து மறைப்பு இல்லாம நிக்கறாங்க. பாப்பா வந்தப்பறம் போலாமா?”

“போங்க.”

“ஏ!” அய்யனாரின் குரல் மோட்டார் கொட்டகைத் தகரத்தில் பட்டு வந்தது. “எவ எவளோ வந்து குந்தறதுக்கா நான் டைல்ஸ் போட்டுக் கட்டுனேன்? பேத்தி போனா போவட்டும், மொதல்ல சாவிய இப்பிடிக் குடு!”

மணிமொழியின் கையில் பூட்டு இருந்தது. சாவி அதிலேயே தொங்கியது. நாலடி தூரத்தில் கிணறு. அவள் யோசித்ததாகவே தெரியவில்லை. கிணற்றுக்குள் தொபுக்கென்று சத்தம் கேட்ட பிறகுதான் எல்லோருக்கும் என்ன நடந்தது என்று புரிந்தது.

“இனிமே பூட்டு கெடையாது மாமா. தாப்பா உள்பக்கம் இருக்குது, அது போதும்.”

“தொட்டி ரொம்புனா?” அவர் கிணற்றை எட்டிப் பார்த்தார். “ரொம்புனா உங்கப்பன் வந்து அள்ளுவானா?”

 மணிமொழி திரும்பி, வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். சின்னதுரையின் மனைவி ராஜாம்பாள் களத்தில் முறத்தோடு நின்று, இந்த நாடகம் முழுவதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

“ராஜாம்பா அக்கா!”

இத்தனை வருஷத்தில் இந்த வேலியைத் தாண்டிப் போன முதல் வார்த்தை. ராஜாம்பாளே முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

“எங்க தொட்டி ரொம்புனா லாரி உங்க களத்து வழியாத்தான் வரணும். வழி வுடுவீங்களா?”

“இன்னா மணி, உங்க மாமனாருக்குத் தெரிஞ்சா கேக்கற?”

“தெரிஞ்சிதான் கேக்கறேன். பக்கத்துலதான் நிக்கறாரு.”

ராஜாம்பாள் அய்யனாரைப் பார்த்தாள். சாதாரணமாகப் பார்க்கவில்லை, நன்றாகப் பார்த்தாள். “எங்க வூட்டுக்காரரு ரிஷிவந்தியம் போயிருக்காரு. வரட்டும், கேட்டு சொல்றேன்,” என்றாள். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், வாசலில் நின்று ஒரு தரம் திரும்பி, “புள்ளைய பாத்துக்கோ” என்றும் சொன்னாள்.

கேட்டாகிவிட்டது. வானம் இடிந்து விழவில்லை. அய்யனார் கைத்தடியைத் தூக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுப் பக்கம் நடந்தார்.

கதவு திறந்தது. அபிநயா வெளியே வந்தாள். கண்ணெல்லாம் நீர் கோத்து, முகம் வெளிறி, ஆனால் நிமிர்ந்து நடந்து வந்தாள்.

“ஆச்சும்மா,” என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்காக மணிமொழி அன்றைக்கு யாரை வேண்டுமானாலும் வெட்டியிருப்பாள்.

*

வீட்டுக்குத் திரும்பியதும் மணிமொழி நேராகச் சமையல்கட்டுக்குப் போனாள். குடத்திலிருந்து ஒரு சொம்பு நிறைய மொண்டாள். நின்றபடியே குடித்தாள். உச்சி வெயில் நேரத்தில் அவள் இப்படித் தண்ணீர் குடித்து அபிநயா பார்த்ததில்லை. இன்னொரு சொம்பு மொண்டு மகளிடம் கொடுத்தாள்.

இளஞ்செழியன் வாசற்படிக்கு வந்து தயங்கினான். கையில் ஒரு டம்ளர், அதில் ஆவி வந்துகொண்டிருந்தது. அவனே அடுப்பு மூட்டி வெந்நீர் வைத்திருக்கிறான். அது மன்னிப்பு என்று அவன் நினைத்திருக்கலாம்.

“வெதுவெதுன்னு...” என்று ஆரம்பித்தான்.

“அங்க வையுங்க. நாளைக்குக் காலைல என்கூட கள்ளக்குறிச்சிக்கு வரணும்.”

“அபிக்குதான் சரியாயிடுச்சே? நாளைக்குக் கரும்பு ஏத்தணும் மணி.”

“அபிக்கு இல்ல.”

அபிநயா சொம்பை வாயிலிருந்து எடுத்தாள். ஆஸ்பத்திரி நடைபாதை அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். “அம்மா, டாக்டரு உன்ன தனியா இட்டுக்கினு போயி இன்னா கேட்டாங்க?”

பஸ்ஸில் வரும்போது, கேட்டால் என்ன பொய் சொல்வது என்று மணிமொழி தயார் பண்ணி வைத்திருந்தாள். உடம்பு இளைச்சிருக்குது, டானிக் எழுதிக் குடுத்தாங்க என்று. இப்போது மகளின் முகத்தைப் பார்த்தாள். தான் எதை மறைத்தாலும் இந்தப் பெண் அதை அப்படியே பழகிக்கொள்வாள் என்பது இன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது.

“எனக்கு ரத்தம் போவுது அபி. வெளிக்கி போறப்ப. மூலமா இருக்கலாம், வேற எதுவாவும் இருக்கலாம், கேமரா வுட்டுப் பாத்தாதான் தெரியும்னாங்க. பாக்கறதுக்குத்தான் நாளைக்கு.”

 கழனியில் கத்தி விழும் சத்தம் கேட்டது. எல்லா வயிற்றுக்கும் ஒரு யோசனை வைத்திருக்கிற இளஞ்செழியன்,  டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்திருந்தான். வெந்நீர் விரலில் சிந்தியது.

“எத்தினி நாளா மணி?” என்றான் கடைசியில்.

மணிமொழி அவனை நிதானமாகப் பார்த்தாள்.

“ஸ்டூல எடுத்துக்கினு போனியே, அதுக்கு முன்னாலேருந்து.”